அணிந்துரையின் மூன்றாம் பக்கம்

அன்புள்ள மாரிக்கு,

உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது உன் ஒற்றுப்பிழைகள்தான். பாசம், பிரிவு என்று எதுவும் வரவில்லை. அப்படி வந்ததாக எழுதினால் இரண்டாவது வரியிலேயே நீ கண்டுபிடித்துவிடுவாய். பதவி உயர்வில் நீ கிருஷ்ணகிரிக்குப் போய் இன்றோடு ஒன்பது நாள். பேருந்தில் உன் பெட்டியை ஏற்றிவிட்டு, "குடைய எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டேன். கோவில்பட்டியில் மழையைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிறது. நீ சிரித்தாய். நான் பேச நினைத்தது குடையைப் பற்றி இல்லை. வண்டி கிளம்பிய பிறகுதான் வாய் திறந்தது, அப்போது பக்கத்தில் நின்றது வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மா. அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆகவே எழுதுகிறேன். நான் வழக்கமாக எழுதும் பத்திரிகைக்கும் இதை அனுப்பப் போகிறேன். ஊரார் புத்தகங்களை இத்தனை வருடம் அதில்தான் கிழித்தேன். என்னைக் கிழிப்பதற்கு மட்டும் தனி இடம் தேட வேண்டாம்.

உனக்குத் தெரிந்ததுதான், என்றாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பகல் முழுக்கத் தாலுகா ஆபீசில் பட்டா மாறுதல் மனுக்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது என் உத்தியோகம். சாயங்காலம் புத்தகங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது என் இலக்கியம். இரண்டுக்கும் நடுவில் ஒரு டீ. முப்பது வருடத்தில் நான் நன்றாக இருக்கிறது என்று எழுதிய புத்தகம் ஒன்றுகூட இல்லை. அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயின் ரோட்டு லாட்ஜ் ஒன்றின் மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்பதாக நீ நினைத்திருப்பாய். கேட்க மாட்டார்கள். தங்கள் முறை வரட்டும் என்று தொண்டையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் யார் பெயரைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்கத் தெரிந்தவன்தான் அறிவாளி. நான்தான் அங்கே தலைமை உதடு.

நீ பிளஸ் டூ படிக்கும்போது கடம்பூரிலிருந்து ஓர் இளைஞன் நம் வீட்டுக்கு வந்தான், நினைவிருக்கிறதா? செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. சொந்தமாக ஒரு கவிதைத் தொகுப்பு போட்டிருந்தான். புத்தகத்தோடு சூடு ஆறாத போளிப் பொட்டலம் ஒன்றையும் என் கையில் கொடுத்தான். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே போளி மூன்றைத் தின்றேன். அடுத்த மாதப் பத்திரிகையில், இவர் கவிதையை விட்டுவிட்டுப் போளி சுடலாம், தேங்காயாவது வீணாகாது என்று எழுதினேன். எழுதியதை உன்னிடம் வாசித்தும் காட்டினேன். நீ சிரிப்பாய் என்று எதிர்பார்த்தேன்.

"அவிய கொண்டுவந்த போளியத் தின்னுட்டா இப்படி எழுதுனிய?" என்று கேட்டாய்.

அதற்கு இலக்கியத்தில் தயவு தாட்சண்யம் கிடையாது என்று ஏதோ சொன்னேன். இரண்டு வருடம் கழித்து ஒரு பெட்ரோல் பங்கில் அவனைப் பார்த்தேன். "இப்ப எழுதுறது இல்ல சார்" என்றான், மரியாதையாக. அதை நான் மொட்டைமாடிக் கூட்டத்தில் வெற்றிச் செய்தியாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு மோசமான கவிஞன் குறைந்தான் என்று ஒருவர் கைதட்டினார். அந்தக் கைதட்டலுக்காகத்தான் நான் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் நீ எழுதினாய். கால்நடை மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்து விளாத்திகுளம் பக்கம் தினமும் பஸ்ஸில் போய்வந்தாயே, அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனிலேயே இரண்டு வருடம் தட்டி முடித்திருக்கிறாய். எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் சுருள் கம்பி போட்டுக் கட்டிய ஒரு கத்தையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாய். 'காணாமல் போன கிடாவும் கல்யாண மைக்செட்டும்.' தலைப்பைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினேன். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா, கல்யாணத்துக்கு முந்தின நாள் காணாமல் போகிறது. கண்டுபிடிக்கக் கிளம்புகிறவள் ஒரு கால்நடை ஆய்வாளர். கூடவே கல்யாண வீட்டு மைக்செட்டுக்காரன். சந்தேகப்பட ஐந்து பேர். தேடிப் போகிற வழியில் இவர்கள் இருவருக்கும் சண்டை, அப்புறம் காதல். நகைச்சுவை, காதல், மர்மம் மூன்றில் ஒன்று இருந்தாலே புத்தகத்தை மூடி வைக்கிறவன் நான். நீ மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியிருந்தாய்.

"என்னட்டி இது? ஒரு ஆட்டைக் காணோம்னு இருநூறு பக்கமா?"

"ஆடு இல்லப்பா, கெடா."

"கெடா காணாமப் போனா போலீஸ்ல எழுதிக் குடுக்கணும். நாவலா எழுதுவாவ?"

"போலீஸ்ல எழுதிக் குடுத்தா எவன் தேடுதான்? நாவல்ல எழுதுனா கெடாயும் கெடைக்கும், ஒரு மாப்பிள்ளையும் கெடைக்கும்லா."

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். முதல் அத்தியாயத்தில் மட்டும் நாற்பத்தோரு இடத்தில் வட்டம் போட்டேன். கரிசல் பூமி என்றால் எத்தனை துயரம் இருக்கிறது, வெடித்த நிலம், வாடிய பருத்தி, அதையெல்லாம் விட்டுவிட்டு இவள் கிடாயின் கழுத்து மணியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாளே என்று ஓரத்தில் எழுதினேன். நீ ஒற்றுகளை மட்டும் திருத்திக்கொண்டு மணியை அப்படியே விட்டுவிட்டாய்.

அத்தோடு முடிந்திருந்தால் நான் வெறும் சிடுமூஞ்சியாக மட்டும் இருந்திருப்பேன். உன் அம்மா அந்தக் கத்தையை எடுத்துப் படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, அவள் அடுப்படியில் நின்றபடியே சிரித்துக்கொண்டிருக்கிறாள். எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டேன். "இந்த மைக்செட்டுக்காரன் பண்ணுத கூத்தைப் பாருங்க" என்று சொல்ல ஆரம்பித்து, சொல்ல முடியாமல் திரும்பவும் சிரித்தாள். முப்பது வருடம் நான் பத்திரிகையில் எழுதியதில் ஒரு வரியைக்கூட அவள் படித்ததில்லை. நான் எழுதிய பத்திரிகையை அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்திருக்கிறாள். எனக்கும் ஒரு நாவல் உண்டு, உனக்குத் தெரியாது. பஞ்சத்தைப் பற்றி. பதினொரு பக்கம் எழுதிப் பதினெட்டு வருடமாகப் பீரோவில் கிடக்கிறது. அன்றைக்கு, பால் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் வாய்விட்டுச் சொன்னேன், நானும் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன் என்று.

"அந்தப் பதினோரு பக்கமா? துணி அடுக்கையில பார்த்தேன், படிச்சேன்" என்றாள். "அதுல ஒருத்தரும் ஒருத்தர்கிட்ட வாயத் திறந்து பேசவே மாட்டேங்காவளே. வீட்ல சாவு விழுந்த மாதிரில்லா இருக்கு."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் தாங்க முடியவில்லை.

மதுரையில் ஒரு பதிப்பாளரைப் பிடித்தாய். அந்த மனிதரைப் பற்றி எனக்கு இன்றும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. உன் நாவலைப் படித்தீர்களா என்று கேட்டால், அட்டைக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்கிறவர். "புது ஆளு, அதுலயும் சிரிப்புக் கதை. யாராவது பெரியவர்கிட்ட ஓர் அணிந்துரை வாங்கிருங்கம்மா, அப்பதான் கனமா இருக்கும்" என்றார். புத்தகத்துக்குக் கனம் வேண்டுமென்றால் செங்கல்லை வைத்துக் கட்டலாம். ஆனால் நீ நேராக என்னிடம் வந்தாய்.

"நீங்களே எழுதுங்கப்பா."

"நான் நல்லபடியா எழுத மாட்டேன், தெரியும்லா?"

"தெரியும். நீங்க எழுதுனா போதும்."

எழுதினேன். ஐந்து பக்கம். நக்கலும் நறநறப்பும் எல்லாம் இருந்தன, ஆனாலும் யோக்கியமாகத்தான் இருந்தது. யார் திருடன் என்பதை அதில் தொடவில்லை. மறுநாள் மத்தியானம் அதை அனுப்பக் கிளம்பும்போது உன் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் கடைசி அத்தியாயத்துக்கு வந்திருந்தாள். திடீரென்று, "அட பாவி, இவனா!" என்று கூவினாள். சின்னப் பிள்ளை மாதிரி முகம். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேஜைக்குத் திரும்பினேன். மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தேன். கிடாயைத் திருடியது இன்னார் என்பதை வாசகர் முன்பே ஊகித்துவிட முடிவது இந்நாவலின் பலவீனம் என்று எழுதி, பெயரையும் போட்டேன். ஒருவராலும் ஊகிக்க முடியாது. நானே ஊகிக்கவில்லை. யார் என்று இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை எழுதியது போதும்.

நீ அந்த மாதம் மாடுகளுக்குக் கோமாரி தடுப்பூசி முகாம் என்று ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தாய். அப்பா எழுதியதை எதற்குச் சரிபார்க்க வேண்டும் என்று அச்சுக்கு நேராகப் போகவிட்டாய். உனக்கு நான் சொல்ல வேண்டிய முதல் புத்திமதி அதுதான். அப்பா எழுதியதைச் சரிபார்.

வெளியீட்டு விழாவை நீ மறந்திருக்க மாட்டாய். மேடையில் உன்னைத் தவிர நான்கு பேர். ஒரு பேராசிரியர், ஒரு பிரமுகர், மொட்டைமாடியிலிருந்து இரண்டு அறிவாளிகள். நால்வரில் ஒருவரும் நாவலைப் படிக்கவில்லை. அவர்கள் என்றைக்குப் படித்தார்கள்? மேடையேறும் முன் அணிந்துரையை மட்டும் புரட்டுவார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். பேராசிரியர் எடுத்த எடுப்பில், இன்னார் கிடாயைத் திருடுவதில் ஆசிரியரின் சமூகப் பார்வை வெளிப்படுகிறது என்றார். அடுத்தவர், அந்த இன்னாரின் மனப்போராட்டம் என்றார். மூன்றாமவரும் சொன்னார். நாகலாபுரம் பக்கமிருந்து உனக்காக ஒரு வேன் பிடித்து ஆடு மேய்க்கிறவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவர்களில் கருப்பசாமி, எட்டாவது படித்தவர், உன்னிடம் ஊசி போட ஆட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர், நடு வரிசையில் எழுந்து நின்றார்.

"ஐயா, கோவிச்சுக்கிடாதீங்க. அவன்தான் எடுத்தான்னு மூணு பேரும் சொல்லிட்டிய. பொறவு நான் எதுக்கு இத வாங்கிப் படிக்கணும்?"

மண்டபம் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. கையிலிருந்த புத்தகத்தைப் பிரித்தாய். மூன்றாம் பக்கத்துக்கு வந்தாய். படித்தாய். பிறகு தலையைத் தூக்கி முன் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாய். எத்தனையோ பேருக்கு நான் கொடுத்த வலியை ஒரு முகத்தில் நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான். மற்றவர்கள் முகத்தை நான் பார்க்க நேர்ந்ததே இல்லை, அவர்களுக்குத் தபாலில் போய்விடும்.

நாலாமவர் பேச எழுந்தார். நீ அவரிடம் ஏதோ சொல்லி மைக்கை வாங்கினாய். நீ அழுவாய் என்று நினைத்தேன். என்னைச் சொல்லிக்காட்டுவாய் என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகவே உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாரும் எங்க அப்பாவ மன்னிக்கணும்" என்றாய். "அவிய பாதி படிக்கையிலேயே தூங்கிட்டாவ. யாரு எடுத்தான்னு அவியளுக்குத் தெரியாது, சும்மா ஒரு பேரப் போட்டுட்டாவ. இந்த ஐயாமாரு அத நம்பிட்டாவ. திருடன் அவன் இல்ல. கருப்பசாமி அண்ணே, நீங்க படிச்சுட்டுச் சொல்லுங்க."

இந்த முறை எழுந்த சிரிப்பில் மண்டபத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. மேடையில் மூன்று பேர் முகமும் பேயறைந்த மாதிரி ஆனது. வாழ்க்கையில் நான் பார்த்த மிகச் சிறந்த விமர்சனம் அதுதான். ஒரே பொய்யில் உன் புத்தகத்தைக் காப்பாற்றினாய், படிக்காமல் எழுதுகிறவனாக என்னை ஆக்கினாய். படிக்காமல் நான் ஒரு புத்தகத்தையும் திட்டியதில்லை, மாரி. என்னிடம் இருந்த ஒரே யோக்கியதை அது. இல்லை, முழுதும் படித்தேன் என்று எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு ஏன் காட்டிக்கொடுத்தாய் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டு சிரிப்பை வாங்கிக்கொண்டேன். கொண்டுபோன புத்தகம் எல்லாம் மண்டபத்து வாசலிலேயே தீர்ந்தது. வீட்டுக்கு வந்ததும், "சாப்பிட்டுட்டு மாத்திரையப் போடுங்கப்பா" என்றாய். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும் கேட்கவில்லை.

கேட்டவர் கருப்பசாமி. இருபது நாள் கழித்து ஒரு காலையில் வீட்டுக்கே வந்துவிட்டார். நீ வேலைக்குப் போயிருந்தாய். புத்தகத்தை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பருத்திக் காட்டில் உட்கார்ந்து வரி வரியாக விரல் வைத்துப் படித்தாராம். மைக்செட்டுக்காரன் கூத்து வருகிற இடத்தில் அவருடைய ஆடுகளே திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாராம்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். கடைசியில பார்த்தா நீங்க சொன்ன ஆளுதான் எடுத்திருக்கான். அப்ப நீங்க தூங்கல. முழுசாப் படிச்சிருக்கிய."

"ஆமா."

"பொறவு எதுக்கு அண்ணாச்சி முன்னாடியே சொன்னிய? பெத்த பிள்ளை எழுதுன கதையில்லா?"

கிண்டல் இல்லை, கோபம் இல்லை. புரியாமல்தான் கேட்டார். அவருக்குக் காப்பி கொண்டுவந்த உன் அம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் என்னோடு சண்டை போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு "போதுமா?" என்று கேட்பதை விட்டுவிட்டாள். அது போதுமா போதாதா என்பதை நானே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இரண்டாம் முறை அச்சுக்குப் போனபோது அந்த அணிந்துரையை எடுத்துவிடச் சொல்லி உன்னிடம் வந்தேன். நீ யோசிக்கக்கூட இல்லை. "கெடக்கட்டும்பா. சனங்க கதைய முடிச்சுட்டுத் திரும்பவும் அத எடுத்து வாசிச்சுச் சிரிக்காவ" என்றாய். என் எழுத்தை மக்கள் இரண்டு முறை படிப்பது அதுதான் முதல் தடவை.

கருப்பசாமி கேட்டதற்குப் பதிலை உனக்குச் சொல்கிறேன். எனக்குப் பொறாமை. பெரிய இலக்கியக் காரணம் ஒன்றும் கிடையாது. என் வீட்டு அடுப்படியில் நான் வரவழைக்காத சிரிப்பை நீ வரவழைத்துவிட்டாய். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. தரம், ரசனை, சமூகப் பார்வை என்று நான் முப்பது வருடம் பேசியதெல்லாம் இந்த ஒரு வியாதிக்குப் போட்ட சட்டை. மொட்டைமாடியில் கூடுகிற அத்தனை பேருக்கும் இதே வியாதிதான். சட்டை நிறம்தான் வேறு. போன மாதத்திலிருந்து நான் அங்கே போவதில்லை. என்னைத் தேடி ஒருவரும் வரவுமில்லை. உதட்டுக்கா பஞ்சம்?

அதனால் சொல்கிறேன், கிருஷ்ணகிரியிலும் ஒரு மொட்டைமாடி இருக்கும். அங்கே போகாதே. பொன்னாடை போர்த்த வருகிறவன் உன் கதையில் ஒரு கதாபாத்திரத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் கழுத்தை நீட்டு. யாரிடமும் அணிந்துரை கேட்காதே. நாளைக்கு உன்னிடம் ஒரு புதிய பிள்ளை தன் முதல் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தால், நன்றாக இல்லை என்று தோன்றினால் நன்றாக இல்லை என்றே சொல். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல். கடம்பூருக்குப் போய் அந்தச் செல்போன் கடையைத் தேடினேன். கடை மாறிவிட்டது. அவன் எங்கே போனான் என்று பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் பெயர்கூட எனக்குச் சரியாக நினைவில்லை என்பது அங்கே நின்று விசாரிக்கும்போதுதான் தெரிந்தது.

இன்னொன்று. உன் இரண்டாவது நாவலைப் பிரிண்ட் எடுத்து உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். கடைசி அத்தியாயத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு மீதியை அப்பாவிடம் கொடு என்று சொல்லியிருக்கிறாய். அப்படியே செய்தாள். எனக்குத் தண்டனை என்று நினைத்துத்தான் கையில் எடுத்தேன். சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒற்றுப்பிழை இன்னும் இருக்கிறது. கதாநாயகன் தேவைக்கு அதிகமாக டீ குடிக்கிறான். ஆறாம் அத்தியாயம் சவசவ என்று இருக்கிறது. பஞ்சாயத்து போர்டு தலைவரின் பொய்ப்பல்செட் காணாமல் போவதெல்லாம் ஒரு கதையா என்று முதல் நாள் உன் அம்மாவிடம் கத்தினேன். மூன்றாம் நாள் சாப்பிட உட்கார மறந்துவிட்டேன். பல்செட் கிணற்றடியில் கிடைத்து, அது வேறு யாருடைய வாய்க்கோ பொருந்துகிற இடத்தில் நான் சத்தமாகச் சிரித்ததை உன் அம்மா கேட்டிருக்கிறாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள் என்று கணக்கு வைத்திருக்கவில்லை.

அந்தப் பல்செட்டை எடுத்தது யார் என்று இன்றோடு நான்கு நாளாக யோசிக்கிறேன். கம்பவுண்டர் என்று முதலில் நினைத்தேன், அவன் அன்றைக்கு ஊரில் இல்லை. தலைவரின் கொழுந்தியாளாக இருக்கலாம். இல்லை என்றால் அந்த ஊமைச் சாமியார். உன் அம்மாவுக்குத் தெரியும். கெஞ்சிக் கேட்டுப் பார்த்தேன். "சொல்ல மாட்டேன், போங்க" என்கிறாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

நீயும் சொல்லாதே, மாரி. புத்தகம் வரட்டும். கடையில் வாங்கிப் படித்துக்கொள்கிறேன்.

உன் அப்பா